நெல்வயல் ஊரின் ஏழு பட்டங்கள்

இத்தாலிய லீக் பட்டத்தை அதிக முறை வென்ற குழுக்களைச் சொல்லுங்கள் என்று காற்பந்துப் பைத்தியம் யாரையாவது கேட்டுப் பாருங்கள். யுவெண்டஸ், இண்டர் மிலான், ஏசி மிலான் என்று மூன்று பெயர்கள் மூச்சுவிடாமல் வந்து விழும். கொஞ்சம் பழைய கதை தெரிந்தவர் என்றால் 9 பட்டங்கள் வென்ற ஜெனோவாவையும் சேர்த்துக்கொள்வார். அதற்கு அடுத்த படியில் ஆளுக்கு 7 பட்டங்களோடு மூன்று குழுக்கள் நிற்கின்றன. தொரினோ ஒன்று, பொலோஞா இன்னொன்று. மூன்றாவது யார்?

மாமாக் கடையில் தே தாரேக் ஆறுவதுகூடத் தெரியாமல் விடிய விடியக் காற்பந்து பார்க்கிறவர்களும் இந்த இடத்தில் தடுமாறிவிடுவார்கள். அந்த மூன்றாவது குழுவின் பெயர் புரோ வெர்ச்செல்லி. மரடோனா ஆடிய நாப்போலியும், தோத்தி ஆடிய ரோமாவும் இன்னும் எட்டிப் பிடிக்காத எண்ணிக்கை அந்த ஏழு.

அப்படிப்பட்ட குழு இப்போது எங்கே ஆடுகிறது? இத்தாலியின் மூன்றாம் பிரிவான சீரி சி-யில். ஏ பிரிவில் 20 குழுக்கள், பி-யில் 20. அதற்கும் கீழே சி பிரிவில் 60 குழுக்கள் மூன்று கூட்டமாகப் பிரிந்து மோதுகின்றன. வானொலியில் விளையாட்டுச் செய்திக்கு எங்களுக்குக் கிடைப்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதில் சீரி ஏ முடிவுகளே பாதிதான் நுழையும். சி பிரிவில் யார் ஜெயித்தார்கள் என்று நான் வாசித்ததும் இல்லை, ஏன் வாசிக்கவில்லை என்று எந்த நேயரும் கேட்டதும் இல்லை. வானொலியில் சொல்ல முடியாததை இங்கே சொல்லிவிடலாமே என்றுதான் இந்த வாரம் இந்தக் குழு.

சதுரம் சதுரமாய் ஒரு கடல்

முதலில் ஊரைப் பார்ப்போம். வெர்ச்செல்லி, வட இத்தாலியில் தூரினுக்கும் மிலானுக்கும் நடுவில், இரண்டுக்கும் ஏறத்தாழ சம தூரத்தில் இருக்கும் சிறு நகரம். சேசியா ஆற்றின் கரையில் இருக்கிறது. மக்கள் தொகை சுமார் 45,000. ஒரு பக்கம் கார் தொழிற்சாலைகளின் தூரின், மறு பக்கம் வங்கிகளும் நாகரிக உடைகளும் கொழிக்கும் மிலான். நடுவில் இருக்கும் இவர்கள் ஊரில் என்ன விளைகிறது?

நெல். ஆமாம், நம் வீட்டுப் பானையில் வேகிற அதே நெல்தான். இத்தாலி என்றாலே பீட்சாவும் பாஸ்தாவும்தான் என்று நினைக்கிறோம். ஐரோப்பாவிலேயே அதிகம் நெல் விளைவிக்கும் நாடு இத்தாலி. அதன் நெல் தலைநகரம் வெர்ச்செல்லி. சூப்பர்மார்க்கெட்டில் ரிசோத்தோ செய்ய விலை கூடிய ஓர் அரிசிப் பொட்டலம் பார்த்திருப்பீர்களே, ஆர்போரியோ என்று? ஆர்போரியோ என்பது வெர்ச்செல்லி மாநிலத்தில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர். 1860களில் போ ஆற்றிலிருந்து 80 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான காவூர் கால்வாயை வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். இன்றும் வசந்த காலத்தில் வயல்களில் நீர் நிரப்பும்போது ஊரைச் சுற்றிச் சதுரம் சதுரமாய் ஒரு கடல் உண்டாகும். அந்த நீரில் ஆல்ப்ஸ் மலையின் பனிச்சிகரங்கள் தலைகீழாய்த் தெரியும். விடுமுறையில் செகிஞ்சான் போய் வயல் வரப்பில் நின்று படம் எடுத்தவர்கள், பின்னால் ஒரு பனிமலையையும் வைத்துக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இந்த ஊரில்தான், நெல்லும் சேறும் தவிர வேறொன்றும் இல்லை என்று பெரிய நகரத்தார் நினைத்த இடத்தில்தான், நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இத்தாலியின் மிகச் சிறந்த காற்பந்துக் குழு இருந்தது.

வாள் வீரர் தொடங்கிய குழு

புரோ வெர்ச்செல்லி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உடற்பயிற்சிக் கழகமாகத் தொடங்கியது. 1892 என்ற ஆண்டை இன்றும் தன் பெயரோடு சேர்த்துக்கொள்கிறது. அங்கே பாரில் தொங்குவார்கள், கர்லா சுற்றுவார்கள், வாள் சண்டை பயில்வார்கள். பந்துக்கு இடமில்லை. 1903ஆம் ஆண்டு கழகத்தில் காற்பந்துப் பிரிவைத் தொடங்கியவர் மார்ச்செல்லோ பெர்ட்டினெட்டி என்ற உள்ளூர் இளைஞர். அப்போது அவருக்கு 18 வயதுதான்.

இவர் கதையே தனிக்கதை. இவர் அடிப்படையில் வாள் வீரர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் குழுப் பிரிவில் வெள்ளி, பிறகு 1924இலும் 1928இலும் தங்கம். தொழிலால் மருத்துவர். தான் தொடங்கிய குழுவில் தானே ஆடவும் செய்தார். 1908இல் அந்தக் குழு முதல் முறையாக இத்தாலிய வெற்றியாளர் ஆனபோது அவரும் அதில் இருந்தார். ஒரே ஆண்டில் தேசிய காற்பந்துப் பட்டமும் ஒலிம்பிக் பதக்கமும். இன்றைய ஆட்டக்காரர் ஒருவர் இப்படிச் செய்தால் எத்தனை விளம்பரப் படங்களில் நடிப்பார் என்று யோசித்துப் பாருங்கள்!

உடற்பயிற்சிக் கழகத்திலிருந்து வந்ததால் இவர்களுக்கு ஒரு லாபம் இருந்தது. மற்ற ஊர்களில் பணக்கார இளைஞர்களும் அங்கு வேலைக்கு வந்த ஆங்கிலேயர்களும் பொழுதுபோக்குக்குப் பந்து உதைத்துக்கொண்டிருந்தபோது, இவர்கள் ஒழுங்காகப் பயிற்சி செய்தார்கள். ஓட்டத்தில் களைக்க மாட்டார்கள். வெள்ளைச் சட்டை அணிந்து, கடைசி நிமிடம் வரை மல்லுக்கு நிற்பார்கள். எல்லாரும் அந்த ஊர், அக்கம்பக்கத்து ஊர்ப் பையன்கள். சம்பளம் கிடையாது.

1908, 1909, 1911, 1912, 1913, பிறகு போர் முடிந்து 1921, 1922. இவைதான் அந்த ஏழு. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 1908இல் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குத் தடை வந்ததால் பெரிய குழுக்கள் சில கோபித்துக்கொண்டு ஒதுங்கின. கடைசியாக வென்ற 1922இலும் கூட்டமைப்பு இரண்டாக உடைந்து இரண்டு லீக்குகள் நடந்தன. எதிராளி பாதி வராத பட்டங்கள் என்று குறை சொல்வோர் உண்டு. ஆனால் நடுவில் வந்த 1911, 1912, 1913? அந்த மூன்றும் தொடர்ச்சியாக வந்தவை. 1913 மே 1ஆம் தேதி இத்தாலியின் தேசியக் குழு பெல்ஜியத்தை எதிர்த்துக் களமிறங்கியபோது, 11 பேரில் 9 பேர் புரோ வெர்ச்செல்லிக்காரர்கள். ஒரு சிற்றூர்க் குழுவுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டுமா?

பத்துக்கு மூன்று

அந்தப் பட்டியலில் 1910 இல்லை, கவனித்தீர்களா? அந்த ஆண்டுக் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

1910 லீக் முடிவில் புரோ வெர்ச்செல்லியும் இண்டர் மிலானும் புள்ளிகளில் சமமாக நின்றன. இண்டர் அப்போது இரண்டு வயதுக் குழந்தை. பட்டத்தை முடிவுசெய்ய ஒரே ஓர் ஆட்டம். ஏப்ரல் 24, வெர்ச்செல்லியில். அதே நாளில் புரோ வெர்ச்செல்லியின் சில ஆட்டக்காரர்கள் ராணுவப் போட்டி ஒன்றில் ஆட வேண்டியிருந்தது. தேதியை மாற்றுங்கள் என்று கேட்டார்கள். இண்டர் முடியாது என்றது. கூட்டமைப்பும் அசையவில்லை.

சரி, அப்படியானால் வருகிறோம் என்றது வெர்ச்செல்லி. யாரை அனுப்பினார்கள் தெரியுமா? தங்கள் நான்காவது குழுவை. அரும்பு மீசைகூட முளைக்காத சிறுவர்கள். 11இலிருந்து 15 வயது வரை. எதிரே பட்டம் வெல்ல வந்திருக்கும் ஆஜானுபாகுவான ஆண்கள். ஆட்டம் 10க்கு 3 என்று முடிந்தது. இண்டரின் முதல் லீக் பட்டம் அதுதான். இன்று அவர்கள் சட்டையில் ஜொலிக்கும் நட்சத்திரங்களின் கணக்கு அந்தச் சிறுவர்களை வென்றதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. எனக்கோ அந்த மூன்று கோல்களை அடித்த பையன்கள் மேல்தான் கண். பெரியவர்களின் வீம்புக்காகப் பலியாடுகளாக அனுப்பப்பட்டும், மூன்று முறை பந்தை வலைக்குள் தள்ளிவிட்டு வந்திருக்கிறார்கள்!

இந்த எதிர்ப்புக்குத் தண்டனை கிடைத்தது. கூட்டமைப்பு தடை விதித்தது. மூன்றே வாரத்தில், மே 15, மிலானில் இத்தாலியின் தேசியக் குழு தன் வரலாற்றின் முதல் ஆட்டத்தை ஆடியது. பிரான்சை 6க்கு 2 என்று வென்றது. நாட்டின் மிகச் சிறந்த குழுவிலிருந்து ஒருவர்கூட அதில் இல்லை.

காலம் சும்மா இருக்குமா? 51 ஆண்டுகள் கழித்து, 1961 ஜூனில், இண்டருக்கும் அதே கோபம் வந்தது. யுவெண்டசுக்கு எதிரான ஆட்டம் ஒன்றை மறுபடி ஆடச் சொன்ன முடிவை எதிர்த்து, இண்டர் தன் இளையர் குழுவைக் களமிறக்கியது. யுவெண்டஸ் 9க்கு 1 என்று வென்றது. யுவெண்டசின் ஒமார் சிவோரி அன்று ஒருவராகவே 6 கோல் அடித்தார். அந்த ஆறு கோலுக்கும் வெர்ச்செல்லிக்கும் ஒரு தொடர்பு உண்டு. கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

ஐம்பதாயிரம் லீரா

இவ்வளவு பெரிய குழு எப்படிச் சரிந்தது? ஒரு பெயரும் ஒரு தொகையும் சொன்னால் போதும்: வெர்ஜீனியோ ரொசெட்டா, 50,000 லீரா.

ரொசெட்டா 1902இல் வெர்ச்செல்லியிலேயே பிறந்தவர். அந்தக் காலத்தின் ஆகச் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர்களில் ஒருவர். 1921, 1922 பட்டங்களில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1923இல், கார் தொழிற்சாலைக் குடும்பத்தைச் சேர்ந்த எதோவார்தோ அன்யெல்லி தூரினின் யுவெண்டஸ் குழுவுக்குத் தலைவரானார். அதே ஆண்டு ரொசெட்டா யுவெண்டசுக்குப் போனார். ஆட்டக்காரர்கள் காசு வாங்கக்கூடாது என்று விதி இருந்த காலம் அது. ஐம்பதாயிரம் லீரா கைமாறியது என்று ஊரே பேசியது. இத்தாலியக் காற்பந்தில் பணத்துக்கு நடந்த முதல் மாற்றம் இதுதான் என்று வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறார்கள். பெரிய ரகளை ஆனது. ரொசெட்டாவை ஆட வைத்த ஆட்டங்களின் புள்ளிகளை யுவெண்டசிடமிருந்து பறித்தார்கள். ஆனால் ஆளைத் திருப்பி அனுப்பவில்லை. மூன்றே ஆண்டில், 1926இல், சம்பளத்துக்கு ஆடுவதற்கு விதியிலேயே வழிசெய்துவிட்டார்கள்.

ரொசெட்டா யுவெண்டசோடு மேலும் 6 பட்டங்கள் வென்றார். அவரை அனுப்பிய ஊர் அதற்குப் பிறகு ஒரு பட்டமும் வெல்லவில்லை. 1922இல் நின்ற கணக்கு, ஏழு ஏழாகவே இருக்கிறது.

கேட்கும்போது, "பாவிகள், பணத்தைக் காட்டி ஊர்ப் பிள்ளையை இழுத்துக்கொண்டார்களே" என்றுதான் நமக்கும் தோன்றும். பணம் வந்தது, பாசம் போனது என்று முடித்துவிட எளிதான கதைதான். ஆனால் அந்த ஊரின் இன்னொரு கதையைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் அப்படி முடிக்க முடியவில்லை.

சேற்றில் நின்ற பெண்கள்

வெர்ச்செல்லியின் வயல்களில் களை பறித்தது பெண்கள். அவர்களை மோந்தினே என்பார்கள். மே கடைசியில் தொடங்கி ஜூலை வரை சுமார் 40 நாள் வேலை. வடக்கு இத்தாலியின் பல பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ரயிலில் வந்து இறங்குவார்கள். முழங்கால் தண்ணீரில், குனிந்த முதுகோடு, வெயிலிலும் கொசுக்கடியிலும் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும். வரிசையாகப் பின்னோக்கி நகர்ந்துகொண்டே பாட்டுப் பாடுவார்கள். அவர்கள் பாடிய பாட்டுகளை இன்றும் இத்தாலியில் தொழிலாளர் தினத்தன்று பாடுகிறார்கள்.

1906ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் இந்த வயல்களின் தொழிலாளர்கள் வெர்ச்செல்லியில் வேலைநிறுத்தம் செய்து வீதிக்கு வந்தார்கள். கேட்டது ஒன்றுதான்: எட்டு மணி நேர வேலை. போராடி அதை வாங்கினார்கள். நாடு முழுமைக்கும் எட்டு மணி நேரம் சட்டமாக வந்தது 1923இல்தான். அதாவது ரொசெட்டா ஊரைவிட்டுப் போன அதே ஆண்டில்.

வெர்ச்செல்லிக் குழுவின் நடுக்கள நாயகன் குயிதோ ஆரா, "காற்பந்து ஒன்றும் சின்னப் பெண்களுக்கான ஆட்டம் இல்லை" என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொன்னதாக இத்தாலியில் இன்றும் சொல்வார்கள். 90 நிமிடம் ஓடியவர் சொன்னது அது. திடலுக்கு வெளியே நாலு எட்டு நடந்து, சேற்றில் நிற்கும் அந்தப் பெண்களை அவர் ஒரு நாள் பார்த்திருந்தால் வேறு உவமை தேடியிருப்பார்.

நான் யோசிப்பது இதைத்தான். எட்டு மணி நேரத்துக்காகப் போராடிய பெண்களிடம், "உனக்கு வயல் மேல் பாசம் இல்லையா, கூலிக்காகவா வேலை செய்கிறாய்?" என்று யாரும் கேட்க முடியாது. உழைப்புக்குக் கூலி கேட்பது நியாயம் என்று இத்தாலிக்கே சொல்லிக்கொடுத்த ஊர் அது. அந்த ஊரில் பிறந்த ஓர் ஆட்டக்காரர், தன் காலின் உழைப்புக்கு நல்ல விலை கிடைக்கும் இடத்துக்குப் போனதை மட்டும் துரோகம் என்று எப்படிச் சொல்வது? சம்பளமில்லாமல் ஆடுவதைப் புனிதம் என்று புகழ்வது பெரும்பாலும் வீட்டில் சோற்றுக்குக் கவலை இல்லாதவர்கள்தான். ரொசெட்டா செய்தது தவறில்லை. ஊர் வருந்தியதும் தவறில்லை. இரண்டும் நியாயமாக இருக்கிற இடத்தில்தான் இழப்பு வலிக்கிறது.

இன்று வெளியூர் வேலைக்குப் போகும் நம் வீட்டுப் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் நல்ல சம்பளம் என்றால், "போயிட்டு வாப்பா" என்றுதானே வாசல்வரை வந்து அனுப்புகிறோம்? அனுப்பிவிட்டு உள்ளே வந்து, வெறும் நாற்காலியைப் பார்க்கிறோம். ஒரு ஊருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இரு ஊர்களின் ஒரே பிள்ளை

சரிந்துகொண்டிருந்த காலத்திலும் வெர்ச்செல்லி ஒரு பெரும் பிள்ளையைப் பெற்றுத் தந்தது. சில்வியோ பியோலா. 1913இல் அருகிலுள்ள ரோப்பியோ என்ற ஊரில் பிறந்து வெர்ச்செல்லியில் வளர்ந்தவர். 16 வயதில் புரோ வெர்ச்செல்லிக்காக சீரி ஏ-யில் ஆடத் தொடங்கினார். 1933 அக்டோபரில் ஃபியோரெந்தினாவை 7க்கு 2 என்று வென்ற ஆட்டத்தில் ஒருவராகவே 6 கோல் அடித்தார். 1961இல் சிவோரி, இண்டரின் இளையர்களுக்கு எதிராக அடித்த ஆறு, இந்தச் சாதனையைச் சமன் செய்ததுதான். பியோலா அடித்தது பெரியவர்களுக்கு எதிராக என்று வெர்ச்செல்லிக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொண்டால் யாரும் மறுக்க முடியாது.

1934இல் பியோலாவும் ரோம் நகரின் லாசியோவுக்குப் போனார். அடுத்த ஆண்டே வெர்ச்செல்லி ஏ பிரிவிலிருந்து இறங்கியது. பிறகு இன்றுவரை திரும்பவில்லை. பியோலா 1938 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் ஹங்கேரிக்கு எதிராக 2 கோல் அடித்துக் கிண்ணம் வென்றார். சீரி ஏ-யில் மொத்தம் 274 கோல். அந்த எண்ணிக்கையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. தோத்தியால்கூட முடியவில்லை.

கடைசிக் காலத்தில் பியோலா ஆடியது நோவாராவில். 40 வயது வரை அங்கே ஓடினார். நோவாரா எங்கே இருக்கிறது? வெர்ச்செல்லியிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரம், அதுவும் நெல்லூர்தான். இரண்டு ஊருக்கும் காலங்காலமாய் ஆகாது. இவ்விரு குழுக்களும் மோதும் ஆட்டத்தை நெல்வயல் டெர்பி என்றே அழைக்கிறார்கள். 1996இல் பியோலா மறைந்தார். தங்கள் விளையாட்டரங்கத்துக்கு அவர் பெயர் வைக்க வேண்டும் என்று நோவாரா முடிவெடுத்தது. வெர்ச்செல்லி விடுமா? அவர்களும் வைத்தார்கள். இன்று பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இரண்டு சில்வியோ பியோலா அரங்கங்கள். "பியோலா அரங்கத்துக்குப் போகணும்" என்று ரயில் நிலையத்தில் வழி கேட்டால், எந்த ஊர்க் குழுவின் ரசிகர் என்று முதலில் சொல்ல வேண்டியிருக்கும்.

பெயரைக் காப்பாற்றியவர்கள்

ஏ பிரிவிலிருந்து பி, பி-யிலிருந்து 1948இல் சி, அதற்கும் கீழே அமெச்சூர் பிரிவுகள் என்று படிப்படியாய் இறங்கியது குழு. 1949இல் வந்த 'கசப்பு அரிசி' என்ற புகழ்பெற்ற இத்தாலியத் திரைப்படத்தை வெர்ச்செல்லி வயல்களில்தான் எடுத்தார்கள். உலகம் முழுதும் களையெடுக்கும் பெண்களின் கதையைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தது. ஊரின் காற்பந்துக் குழுவை உலகம் மறக்கத் தொடங்கியிருந்தது. பிறகு களைக்கொல்லி மருந்துகளும் இயந்திரங்களும் வந்தன. வயலில் அந்தப் பெண்களும் இல்லாமல் போனார்கள்.

ஆனால் உண்மையான ஆபத்து 2010இல் வந்தது. கடனில் மூழ்கிய குழுவால் லீக்கில் தன்னைப் பதிவு செய்துகொள்ள முடியவில்லை. இதன் பொருள் நம் ஊர் ரசிகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சம்பளப் பாக்கி, உரிமம் மறுப்பு, அடுத்த பருவத்துப் பட்டியலில் பெயர் இல்லை என்று நம் நாட்டிலும் பார்த்திருக்கிறோம். ஒரு குழு செத்துப்போவது கோல் வாங்கி அல்ல. ஓர் அலுவலகத்தில், ஒரு கோப்பில், கடைசித் தேதி கடந்துபோவதால்.

ஏழு பட்டங்களும் அந்தக் கோப்போடு போயிருக்க வேண்டியது. காப்பாற்றியது யார் என்றால், அதே ஊரின் இன்னொரு குழு. புரோ பெல்வெதேரே என்று ஒரு சிறிய குழு வெர்ச்செல்லியில் இருந்தது. பெரிய அண்ணன் நிழலில் இருந்தே பழகிய தம்பி மாதிரி. பல ஆண்டுகள் போராடி அதுவும் தொழில்முறைப் பிரிவுக்கு ஏறி வந்திருந்தது. அண்ணன் விழுந்ததும் ஊரில் ஒரே குழுவாய் நிமிர்ந்து நின்று, "இனி நான்தான்" என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் செய்தது வேறு. தங்கள் பெயரைக் கழற்றி வைத்துவிட்டுப் புரோ வெர்ச்செல்லி என்ற பெயரையும், வெள்ளைச் சட்டையையும், 1892 என்ற ஆண்டையும் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். இன்று ஆடும் புரோ வெர்ச்செல்லி, சட்டப்படி பார்த்தால், அந்தச் சின்னக் குழுதான்.

இது வெறும் தியாகம் என்று நான் சொல்லமாட்டேன். பெரிய பெயருக்கு மதிப்பு உண்டு, அதில் கணக்கும் இருந்திருக்கும். இருந்தாலும் புரோ பெல்வெதேரே என்று கத்திக் கொண்டிருந்த சில நூறு பேர் அந்த ஊரில் இருந்திருப்பார்கள் அல்லவா?  ஆனாலும் அடுத்த பருவத்தில் அந்தப் பெயர் இல்லை. ஊரின் பெயர் நிலைக்க, அவர்கள் பெயர் போனது. வரலாற்றில் ஏழு பட்டங்களை வென்றவர்களைப் பற்றி எழுதுவார்கள். அவற்றைத் தொலைந்துபோகாமல் பார்த்துக்கொண்டவர்களைப் பற்றியும் ஒரு வரி எழுத வேண்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

இரண்டே ஆண்டில், 2012இல், புரோ வெர்ச்செல்லி பி பிரிவுக்கு ஏறியது. 64 ஆண்டுகளுக்குப் பிறகு! கடைசியாக அவர்களை பி-யில் பார்த்த சிறுவர்கள் எழுபதைத் தாண்டியிருப்பார்கள். அந்த வெற்றி ஒரே ஆண்டுதான் நிலைத்தது. இறங்கி, 2014இல் மறுபடி ஏறி, நான்கு ஆண்டுகள் தாக்குப்பிடித்து, 2018இல் மறுபடி சி-க்கு வந்தார்கள். அங்கேதான் இப்போது ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு சங்கதி. 1914இல், போர் மூளும் வேளையில், புரோ வெர்ச்செல்லி கப்பலேறி பிரேசில் போய் ஆடியது. அதே சமயத்தில் தொரினோவும் போயிருந்தது. அவர்கள் ஆடியதைப் பார்த்த சாவோ பாவ்லோ நகர இத்தாலியக் குடியேறிகளுக்கு நரம்பு முறுக்கேறியது. நமக்கென்று ஒரு குழு வேண்டும் என்று அந்த ஆகஸ்டு மாதமே ஒன்றைத் தொடங்கினார்கள். அந்தக் குழுதான் இன்று பால்மெய்ராஸ். தென் அமெரிக்காவின் ஜாம்பவான்களில் ஒன்று. நெல்லைப் போலத்தான் இதுவும். விதைத்த வயல் ஒன்று, முளைத்த கரை இன்னொன்று.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஜெர்சி வாங்கிக் கொடுக்கிறோம். பெரும்பாலும் ஐந்தாறு குழுக்களின் ஜெர்சிதான். அதில் தவறில்லை; என் அலமாரியிலும் இருக்கிறது. ஆனால் அந்த ஐந்தாறு குழுக்களை ரசிக்க அவை ஜெயித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. வெர்ச்செல்லியின் அரங்கத்தில் சுமார் 5,500 பேர் உட்காரலாம். பல வாரங்களில் அதுவும் நிறையாது. அங்கே வந்து உட்காருகிறவர்கள் எட்டாவது பட்டம் வரும் என்று நம்பி வருகிறவர்கள் அல்லர். அப்பா வந்தார், தாத்தா வந்தார், ஞாயிற்றுக்கிழமை நாம் போகாவிட்டால் யார் போவது என்று வருகிறவர்கள். கோயிலுக்கு எண்ணெய் ஊற்றப் போகிறவர் வரம் கிடைத்ததா என்று கணக்குப் பார்ப்பதில்லையே.

வார இறுதியில் கைப்பேசியில் காற்பந்து முடிவுகளைப் பார்க்கும்போது, வழக்கமாக நிறுத்தும் இடத்தில் நிறுத்தாமல் கொஞ்சம் கீழே தள்ளிப் பாருங்கள். சீரி ஏ முடிந்து, பி முடிந்து, சி வரும். முதல் கூட்டத்தின் பட்டியலில் எங்காவது அந்தப் பெயர் இருக்கும். ஜெயித்தார்களா தோற்றார்களா என்பது பிறகு. பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.